இரண்டு படி தவிடு

மறுபடியும் அவளிடம்தான் ஓடுகிறாள். செருப்புக்குள் கல்லோ முள்ளோ ஏதோ ஒன்று புகுந்துவிட்டது, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே வருகிறாள், நான் விரிப்பின் ஓரத்தில், கையை நீட்டினால் பிடித்துவிடுகிற தூரத்தில், சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன், வந்தாள், என் தோளைப் பிடித்தாள், ஒரு நொடி நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள், "சித்தி, கொஞ்சம் நகரு" என்றாள், என்னைத் தாண்டி அந்தப் புல்வெளி முழுக்க நொண்டியடித்துப் போய் இந்திராணி அக்காவிடம் காலைத் தூக்கிக் காட்டுகிறாள். "அம்மா, குத்துது." என் தோளை வழியில் இருந்த கைப்பிடிச் சுவராக்கிவிட்டுப் போயிருக்கிறாள். மிது நான் பெற்ற பிள்ளை. இதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதுவே ஒரு கேவலம். இந்திராணி அக்கா என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி, கீழ் வீட்டில் இருக்கிறாள், நாங்கள் மேல் வீடு. அவள் இப்போது புல்லில் மண்டி போட்டு, செருப்பைக் கழற்றி, உதறி, அந்தப் பாதத்தைத் தன் முந்தானையால் துடைக்கிறாள். எதற்கு முந்தானை? கையால் தட்டினால் போகாதா? எல்லாவற்றையும் கொஞ்சம் கூடுதலாகச் செய்வது அவள் பழக்கம். புளிசாதத்தில் நல்லெண்ணெய் கூடுதல், சிரிப்பில் சத்தம் கூடுதல், பிள்ளைக்கு முத்தம் கூடுதல். இதோ, உள்ளங்காலில் ஊதிவிட்டு ஒரு முத்தம். மிது கெக்கெக்கே என்று சிரிக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. மூன்று வாய் தயிர்சாதம் சாப்பிட்டும் எரிகிறது.

பத்து நாளைக்கு முன்னால் பங்குனி முதல் மழை பெய்தது, ஏற்காட்டில் காப்பி பூத்துவிட்டதாம், மூன்று நாளில் கொட்டிவிடுமாம், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போகலாம் என்று குமரேசன் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது பூ இல்லை. காருக்குள் யார் எங்கே உட்காருவது என்பதுதான் தோன்றியது. நான் நினைத்தபடியே நடந்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் மிது அவள் மடியில். நான் பக்கத்தில், புளிசாதத் தூக்கையும் தட்டுவடைப் பொட்டலத்தையும் மடியில் வைத்துக்கொண்டு. பன்னிரண்டாவது வளைவில் சன்னல் வழியாக அந்த வாசம் வந்தது, மல்லிகையும் இல்லை, எலுமிச்சைப் பூவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ. மிது மூக்கை உயர்த்தி, "அம்மா, உன் வாசம்" என்றாள். காப்பிப் பூ வாசமும் அவளுக்குத்தான் சொந்தமாம். மலை முழுக்கப் பூத்திருப்பதுகூட அவள் கணக்கில்தான் போகிறது. எனக்கு என்ன வாசம் என்று எனக்குத் தெரியும். ஸ்பிரிட்டும் பஞ்சும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எட்டு வருடமாக வேலை, எத்தனை சோப்பு போட்டாலும் விரல் இடுக்கில் அது இருக்கும்.

நான்தான் விற்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முதல் பிள்ளை தங்காமல் போனால் அடுத்த பிள்ளையை ஒரு படி தவிட்டுக்கு யாருக்காவது விற்றுவிடுவார்கள், இது எங்கள் பிள்ளை இல்லை, தவிட்டுக்குப் போன பிள்ளை என்று சொல்லிவிட்டால் அதன்மேல் எதுவும் கண் வைக்காது என்று ஒரு நம்பிக்கை. பெரும்பாலான வீடுகளில் அது அரை மணி நேர விளையாட்டு. தவிட்டை வாங்கிக்கொண்டு, பிள்ளையைக் கை மாற்றி, சிரித்து, மறுபடி தாயிடமே கொடுத்துவிடுவார்கள், 'தவுட்டம்மா' என்று ஒரு செல்லப் பெயர் மிச்சமிருக்கும், அவ்வளவுதான். நான் வேதியியல் படித்தவள். படித்தவளுக்குப் பயம் வந்தால் அதையும் ஒழுங்காகத்தான் செய்வாள் போல. அரைகுறையாகச் செய்தால் எடுத்துக்கொண்டு போக வருகிறவன் கண்டுபிடிக்க மாட்டானா என்று தோன்றிவிட்டது. வாயால் விற்றுவிட்டு மடியில் வைத்துக் கொஞ்சினால் அது விற்பனையா? பிறந்த மூன்றாம் நாள், ஆசுபத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நானே நிபந்தனை போட்டேன். ஐந்து வயது முடிகிற வரைக்கும் இவள் உங்கள் பிள்ளை அக்கா, உங்களைத்தான் அம்மா என்று கூப்பிட வேண்டும், நான் சித்தி. அக்கா சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். முரளியிடம், அதுதான் என் வீட்டுக்காரரிடம், நீங்களும் சித்தப்பா என்று சொல்லிக் கொடுங்கள் என்றேன். "நான் யாருக்கும் விக்கல. என்னை இதுல இழுக்காத" என்று போய்விட்டார். அதனால் அவர் இன்றைக்கும் அப்பா. குமரேசன் மாமா பெரியப்பா. பெரியப்பாவின் பெண்டாட்டி அம்மா, அப்பாவின் பெண்டாட்டி சித்தி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதில் ஒரு குழப்பமும் கிடையாது. குழப்பமெல்லாம் பள்ளிக்கூடத்து மிஸ்ஸுக்குத்தான். தண்டனை எனக்கு மட்டும்தான், அதுவும் நானே எழுதிக்கொண்டது.

முதலில் பிறந்தவன் பையன். பதினோரு நாள். பதினோராம் நாள் காலையில் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியில் நின்றுகொண்டு, நர்ஸிடம், "ராசா மாதிரி இருக்கான் பாருங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். மத்தியானம் இல்லை. தொற்று என்றார்கள். எனக்கு அந்த அறிக்கையை வாசிக்கத் தெரியும், எண்களெல்லாம் புரிந்தது, ஆனாலும் என் வாய்தான் என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது, இப்போதும் சொல்கிறது. அதனால் மிதுவை நான் ஒரு நாளும் அழகு என்று சொன்னதில்லை. பால் கொடுத்தது நான்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தேன், சுவரில் ஒரு காலண்டர், அதில் ஒரு தேதியைப் பார்த்துக்கொண்டே கொடுப்பேன். முடிந்ததும் கீழ் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுவேன். தூங்கும்போது மட்டும் குதிகாலில் முத்தம் கொடுப்பேன், குதிகாலை யாரும் கணக்கில் வைக்க மாட்டார்கள் என்று ஒரு எண்ணம். இப்போது அந்தக் காலைத்தான் அவள் பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, முத்தமிட்டு முடித்திருக்கிறாள். எனக்கென்று ஒளித்து வைத்திருந்த இடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

விளையாட்டு மறுபடி தொடங்கிவிட்டது. சோப்பு முட்டை ஊதுகிறார்கள். ஏரிப் பக்கமிருந்து காற்று வருகிறது, வளையத்தைத் தூக்கிப் பிடித்தால் போதும், ஊதவே வேண்டாம், முட்டைகள் வரிசையாகப் போகின்றன, மிதுவும் அக்காவின் மகள் தனுஜாவும் துரத்துகிறார்கள். தனுவுக்கு ஒன்பது வயது, கொஞ்ச நேரம் துரத்தினாள், பிறகு பூப்பந்து மட்டையை எடுத்துக்கொண்டு அவள் அப்பாவிடம் போய்விட்டாள். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுகிறாள். எண்பது கிலோ இருப்பாள். ஓடும்போது தரை அதிரும் என்று நினைப்போம், அப்படியில்லை, சின்னப் பெண் மாதிரி ஓடுகிறாள், எப்படி என்று தெரியவில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு கிலோதான். நான் எழுந்து போய் விளையாடினால் யாரும் என்னைத் தடுக்கப்போவதில்லை. போன வருடம் ஒருநாள் மொட்டை மாடியில் போய் விளையாடினேன், கண்ணாமூச்சி, நான் கண்டுபிடிக்கிறவள், மிதுவைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கண்டுபிடித்தபோது அவள் முகத்தில் ஒரு பயம் வந்தது. விளையாட்டுப் பயம் இல்லை, நிஜப் பயம். கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, வீட்டில் நான் யார் என்று. ஊசி போடுகிறவள். அவளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தபோது, வெளியில் யாரோ எடுக்க வேண்டாம், எனக்கு நரம்பு சுலபமாகக் கிடைக்கும் என்று நானே ரத்தம் எடுத்தேன். அக்கா மடியில் வைத்துக் கண்ணைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மா, சித்தி வேண்டாம், சித்தி வேண்டாம்" என்று அலறியது. ஒரே குத்தில் எடுத்தேன். கை நடுங்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எடுத்துவிட்டு 'சமத்து' என்று கன்னத்தைத் தட்டுவேன், இவளுக்கு அதுவும் சொல்லவில்லை. அக்காவுக்கு எல்லாம் தேன், எனக்கு எல்லாம் ஊசி. இந்தப் பங்கீட்டை யார் செய்தார்கள்? நான்தான். அதனால்தான் யார்மேலும் முழுசாகக் கோபப்பட முடியவில்லை, கோபப்பட முடியாத பொறாமை மாதிரி ஒரு இம்சை வேறு இல்லை.

பக்கத்து விரிப்பில் ஒரு பெண், ஈரோட்டுப் பக்கமாம், கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள், கடலை உரித்துக்கொண்டே இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு ஊர் இப்படி ஒருத்தி இருப்பாள். "அந்தப் பாப்பா யாருங்க, உங்க அக்கா பொண்ணுங்களா? அப்படியே அவங்கம்மா சிரிப்புங்க" என்றாள், இந்திராணி அக்காவைக் காட்டி. நான் சொன்னேன், "ஆமாங்க." சொல்லிவிட்டேன். ஐந்து வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஏன் திருத்தக் கூடாது? இல்லைங்க, என் பொண்ணு, அந்தக் காதைப் பாருங்க, மேல் மடிப்பு உள்ளே வளைஞ்சிருக்குதா, இதோ என் காது, பாருங்க, என்று கூந்தலை ஒதுக்கிக் காட்டினால் என்ன? காட்டியிருந்தால் அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்திருப்பாள். காது என்ன பெரிய காது. பிள்ளை சிரிக்கிறபோது யார் காதைப் பார்க்கிறார்கள். சிரிப்பு மட்டும் எப்படி அவளுடையதாக வந்தது? ரத்தத்தில் வராது, எனக்குத் தெரியும். பார்த்துப் பார்த்து வந்தது. என் சிரிப்பை அது பார்த்திருந்தால்தானே என் சிரிப்பு வரும்.

மாசி பத்தோடு ஐந்து முடிந்துவிட்டது. கேக் வெட்டினோம். அன்றைக்குச் சொல்வாள் என்று பார்த்தேன். 'மேகலா, கெடு முடிஞ்சுதே, பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கோ' என்று ஒரு வார்த்தை. கேக்கை மிதுவுக்கு ஊட்டினாள், மிது அவளுக்கு ஊட்டினாள், எனக்கு ஒரு துண்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். தட்டில். விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி. மறுநாள் சொல்வாள் என்று பார்த்தேன். மாசி முடிந்து பங்குனி வந்தாகிவிட்டது, மூச்சு விடவில்லை. மறந்துவிட்டாளா? அதெப்படி மறக்கும்? மறந்த மாதிரி இருக்கிறாள். கொடுத்ததைக் கேட்க வேண்டியது கொடுத்தவள்தான் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. கேட்டு, அவள் முகம் சுண்டினால்? கேட்டு, அவள் முகம் சுண்டாமல் இருந்தால் அது இன்னும் மோசம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்த் தவிடு வாங்கினேன். வாங்கினதைத் திருப்பும்போது இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும், இரண்டு படி. கடைக்காரர், "மாடு எத்தனைங்க?" என்றார். "ஒண்ணு" என்றேன். "கறவையா?" "இல்லைங்க, கன்னுக்குட்டி." வண்டியில் திரும்பி வரும்போது எனக்கே சிரிப்பு வந்தது, பிறகு சிக்னலில் நின்றுகொண்டு அழுதேன், ஹெல்மெட் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தவிடு இப்போது என் முதுகுக்குப் பின்னால், மஞ்சள் பையில், தண்ணீர்ப் பாட்டில்களுக்கு அடியில் இருக்கிறது. வீட்டில் கேட்க முடியாது. வீட்டில் எல்லாச் சுவரிலும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே, வெட்டவெளியில், காப்பி பூத்திருக்கிற நாளில் கேட்டுவிடலாம் என்று கொண்டுவந்தேன். இரண்டு மணி நேரமாகிறது. தவிட்டை எறும்பு மொய்க்குமா?

முரளி வந்து பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிறார். சட்டையெல்லாம் வேர்வை. மிது தூரத்திலிருந்து "அப்பா, வா!" என்கிறாள். எவ்வளவு சுலபமாக வருகிறது பார் இந்த மனிதருக்கு. ஒரு பயமும் படாமல், ஒரு விரதமும் இல்லாமல், 'விக்கல' என்று ஒரே வார்த்தையில் அப்பாவாகவே இருந்துகொண்டார். "கேட்டியா?" என்றார். "எங்க கேக்கறது, உக்காந்தாத்தானே." "இன்னிக்குக் கேட்டுரு மேகலா. இல்லைன்னா அந்தத் தவுட்டப் பால்காரர்கிட்டக் குடுத்துட்டு நிம்மதியா இரு. ரெண்டுல ஒண்ணு." "உங்களுக்கென்ன, உங்களை அப்பாங்கறா." "உன்னை யாரு வேண்டாம்னா?" என்று சிரித்துக்கொண்டே ஓடிவிட்டார். யார் வேண்டாம் என்றார்கள் என்று இவருக்கு ஐந்து வருடமாகத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் பெயர் சொல்ல முடியாது. கேட்டு வாங்கிவிட்டால், அம்மா என்று ஆகிவிட்டால், கெடு ஐந்து என்று யார் சொன்னது, நானாகத்தானே வைத்தேன், ஏழு என்று இருந்தால், பத்து என்று இருந்தால், வாங்கின மறுநாள் காய்ச்சல் வந்தால், அந்தப் பாறைப் பக்கம் போகிறாளே, வழுக்குமே. இந்த இடத்தில் வந்து எப்போதும் மாட்டிக்கொள்கிறேன். பொறாமை முன்னால் பிடித்து இழுக்கிறது, பயம் பின்னால் இழுக்கிறது, நான் நடுவில் தயிர்சாதத்துக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா வருகிறாள். மூச்சு வாங்க வந்து விரிப்பில் பொத்தென்று உட்கார்ந்து, மாங்காய்க் கீற்றை உப்புமிளகாயில் தொட்டு, "அப்பாடா, முட்டி ரெண்டும் கழண்டுக்கிச்சு" என்கிறாள். கழுத்தில் வேர்வை. அந்தக் கழுத்தில்தான் என் பிள்ளை முகத்தைப் புதைத்துக்கொள்ளும். இப்போது கேட்காவிட்டால் இனிமேல் இல்லை. நான் மஞ்சள் பையை இழுத்து நடுவில் வைக்கிறேன். ஊசி பிடிக்கிற கையால் மேலே இருந்த பாட்டில்களை எடுத்து ஓரமாக வைக்கிறேன்.

"என்னடி அது?"

"தவுடுங்க்கா. ரெண்டு படி."

அவள் மாங்காயைக் கீழே வைத்தாள். முகம் சுண்டவில்லை. சுண்டாமலும் இல்லை. பையின் வாயை விரலால் விலக்கி உள்ளே பார்த்தாள்.

"இப்பவாவது கேட்டியே" என்றாள். "மூணு வயசுலயே கேப்பன்னு நெனச்சேன். உன் மனசுல என்ன பயம் இருக்குதோ, நானா எடுத்துச் சொல்லி, அப்பறம் பிள்ளைக்கு ஒண்ணுன்னா என் வாய்னு ஆயிருமேன்னு பேசாம இருந்தேன்."

"உங்களுக்குக் குடுக்க மனசில்லைன்னு நெனச்சேன்."

"மனசு எப்படி இருக்கும்? அதெல்லாம் இல்லதான்." மறைக்காமல் சொன்னாள். "ஆனா தனுவப் பாத்தியா நீ? ரெண்டு வருசமா அவ என்னை அம்மான்னு கூப்பிடறதில்ல. 'இங்க பாரு'ங்கறா. 'அவங்க எங்க'ன்னு அவங்கப்பாட்டக் கேக்கறா. மிது ஒவ்வொரு தடவை அம்மாங்கறப்பவும் அவ என் மூஞ்சியப் பாக்கறா. நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

நான் கவனித்ததில்லை. ஒரே வீட்டில், தினமும் நாலு முறை ஏறி இறங்குகிற படிக்கட்டில், ஒரு பெண் பிள்ளை தன் அம்மாவை அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்தியிருக்கிறாள், அது என் காதில் விழவே இல்லை. நான் ஒரே ஒரு பிள்ளையின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தனு அங்கே பந்தைத் தூக்கிப் போட்டுத் தானே அடித்துக்கொண்டிருக்கிறாள், என் பொறாமையும் அவள் பொறாமையும் ஒரே ஆள்மேல்தான், ஒன்பது வயதில் அவள் என்னைவிடக் கௌரவமாக வைத்துக்கொண்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே, அந்த நேரத்திலும், என் மனசு என்ன நினைத்தது தெரியுமா, கூப்பிட மாட்டேன் என்று முறைத்துக்கொள்ளவாவது இவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறதே என்றது. முறைத்துக்கொள்ள அந்த வார்த்தை முதலில் இருந்திருக்க வேண்டுமே என்றது. திருந்தாத மனசு.

"தவுடெல்லாம் எதுக்குடி, கூட்டிட்டுப் போ" என்றாள் அக்கா. "இல்லைங்க்கா, முறைப்படி வாங்கிக்குங்க" என்றேன். என் குரல் கெஞ்சியது. அவள் முந்தானையை இரண்டு கையாலும் ஏந்தினாள். பையைக் கவிழ்த்தேன். தவிடு பறந்து காப்பிப் பூ வாசத்தோடு கலந்து மூக்கில் ஏறியது, இரண்டு பேரும் தும்மினோம். ஈரோட்டுப் பெண் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறாள், பார்க்கட்டும். அக்கா மிதுவைக் கூப்பிட்டாள். வந்தாள், கையெல்லாம் சோப்பு நுரை.

"இத பாரு கண்ணு. இனிமே இவங்கதான் உனக்கு அம்மா. நான் பெரியம்மா. இவங்க என்கிட்ட உன்னைத் திருப்பி வாங்கிட்டாங்க."

மிது என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், முந்தானையில் இருந்த தவிட்டில் ஒரு விரலால் குழி பறித்தாள். "எதுவரைக்கும்?" என்றாள்.

நான், "எப்பவும்" என்றேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டோமே என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மிது, "சரி" என்றாள். கடையில் மிட்டாய் மாறிப்போனதற்குச் சொல்கிற சரி. திரும்பி ஓடிவிட்டாள். இவ்வளவுதானா? ஐந்து வருடம் நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு பால் கொடுத்தது இந்த ஒரு சரிக்குத்தானா? அழவில்லை, சிணுங்கவில்லை, என் மேல் வந்து விழவுமில்லை. நான் என்ன எதிர்பார்த்தேன்? ஏதோ கதவு திறக்கும் என்று. அக்கா முந்தானையை முடிந்துகொண்டு தலையைக் குனிந்தபடி பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தாள், மூடிகளை மாற்றி மாற்றிப் போட்டாள், தயிர்சாதத் தூக்குக்குப் புளிசாத மூடி. கண்ணைத் துடைக்கிறாளோ என்று பார்த்தேன். துடைக்கவில்லை, தவிட்டுக் கையோடு துடைக்க முடியாது. அழுதால் நான் என்ன செய்வேன்? அவள் அழுதால் பிள்ளை அவளிடம் ஓடிவிடும். அழாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன், நல்ல எண்ணத்தில் இல்லை.

"அம்மா!" என்று மிது கத்துகிறாள், ஏரிப் பக்கத்துப் பாறை மேலிருந்து. பார்த்தாயா, ஐந்து நிமிடம் தாங்கவில்லை. அவளைத்தான் கூப்பிடுகிறது. இரண்டு படி தவிடு, நாலு சாட்சி, எல்லாம் தண்டம், பிள்ளை வாயில் அவள்தான் அம்மா. நான் மூடிகளைச் சரியாக மாற்றிப் போடுகிறேன். "அம்மா! அம்மோவ்!" அக்கா திரும்பவில்லை. கைகள் மட்டும் நின்றுவிட்டன, உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கையே பார்க்கிறாள். ஏன் திரும்ப மாட்டேன் என்கிறாள்? அவ்வளவு வீம்பா? கொடுத்துவிட்டேன் என்பதற்காகப் பிள்ளை கூப்பிட்டால்கூடத் திரும்பக் கூடாதா, இதுதான் ஐந்து வருட வளர்ப்பா, என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு, போய்ப் பாருங்க்கா என்று சொல்ல வாயைத் திறக்கிறேன்.

"சித்தீ!"

எழுந்துவிட்டேன். ஓடுகிறேன். செருப்பு போடவில்லை, புல்லில் ஈரம், தயிர்க் கரண்டி இன்னும் கையில் இருக்கிறது, பாதி தூரம் வந்த பிறகுதான் உறைக்கிறது, முதல் இரண்டு தடவையும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் திரும்பாமல் இருந்திருக்கிறாள். எனக்குத்தான் தெரியவில்லை. அந்த வார்த்தைக்குத் திரும்பக் கூடாது என்று ஐந்து வருடம் என் காதுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். பாறை என் தலை உயரம்தான். ஏறத் தெரிந்திருக்கிறது, இறங்கத் தெரியவில்லை, மேலே நின்றுகொண்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முறைக்கிறாள்.

"ரெண்டு வாட்டி அம்மான்னு கூப்பிட்டேன். ரெண்டு பேருமே வரல."

"கேக்கல சாமி."

"பொய். கேட்டுச்சு."

கரண்டியைப் புல்லில் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்குகிறேன். பயம் இருக்கிறது, ரொம்ப இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், "இன்னொரு வாட்டி கூப்பிடு தங்கம். இப்ப வந்துருவேன்."

அவள் என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்க்கிறாள், இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று.

"நீதான் வந்துட்டியே, இனி எதுக்குக் கூப்பிடறது?" என்கிறாள். "எறக்கி விடு."